எட்டு வாரத்து உறுப்பு

கர்ப்பம் உறுதியாகி ஐந்தரை அல்லது ஆறு வாரத்தில் எடுக்கும் முதல் ஸ்கேனில் தாயும் உடன் வந்தவர்களும் எதிர்பார்ப்பது இதயத் துடிப்பை. மருத்துவரின் கண் அதற்கு முன்பே வேறொன்றைத் தேடிக்கொண்டிருக்கும். கருப்பைக்குள் கறுப்பாகத் தெரியும் நீர்ப்பையின் உள்ளே, வெள்ளைக் கோட்டால் வரைந்தது போன்ற சிறு வளையம் அது. குறுக்களவு 3 முதல் 5 மில்லிமீட்டர். ஒரு கொத்தமல்லி விதை அளவு. கரு என்று சுட்டிக்காட்ட எதுவும் கண்ணில் படாத நாளிலேயே இந்த வளையம் தெரிந்துவிடும். சில நாள் கழித்துக் கரு தெரியத் தொடங்கும்போதும், மோதிரத்தில் பதித்த கல்லைப் போல இந்த வளையத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டுதான் தெரியும். ரிப்போர்ட்டில் 'யோக் சாக் தெரிகிறது' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்கு யாரும் விளக்கம் சொல்வதில்லை, கேட்பவர்களும் குறைவு. பத்தாம் வாரம் வரை மெல்ல வளர்ந்து, பிறகு சுருங்கி, பன்னிரண்டாம் வாரவாக்கில் திரையிலிருந்தே மறைந்துபோகும் ஒன்றைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது என்று தோன்றுவது இயல்பு. மருத்துவப் பாடநூல்களே நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தன. மனிதரிடத்தில் இது பரிணாமம் விட்டுச்சென்ற எச்சம், முட்டையிட்ட முன்னோரின் நினைவு, அவ்வளவே என்று அவை எழுதின.

அந்தத் தீர்ப்பு தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். கல்லீரல், எலும்பு மஜ்ஜை, குடல் ஆகியவை இன்னும் உருவாகாத வாரங்களில் அவற்றின் வேலைகளைத் தற்காலிகமாக ஏற்று நடத்தும் உறுப்பு இது. நிலைத்திருப்பது மட்டுமே உறுப்பு என்று நாம் கொண்ட அளவுகோல்தான் இதை எச்சம் என்று ஒதுக்கியது. பெயரும் அதற்கு உடந்தை. யோக் என்றால் மஞ்சட்கரு. மனிதரின் இந்தப் பையில் மஞ்சட்கரு இல்லை. தமிழில் 'மஞ்சட்கருப்பை' என்று எழுதினால் இன்னொரு இடறலும் சேர்கிறது: அதை மஞ்சட்கருவின் பை என்றும் பிரிக்கலாம், மஞ்சள் நிறக் கருப்பை என்றும் பிரிக்கலாம். 'கருவுணவுப் பை' என்னும் சொல்லை இங்கே எடுத்துக்கொள்கிறேன். உணவு மட்டுமே இதன் வேலை என்று அந்தச் சொல்லும் குறுக்கிவிடுகிறது. ஆனால் படிக்கத் தடையில்லை.

எச்சம் என்ற எண்ணம் எப்படி வந்தது என்பது புரியாததல்ல. கோழி முட்டையை உடைத்தால் மஞ்சட்கரு ஒரு பெரிய உருண்டையாக நிற்கிறது. குஞ்சு பொரிக்கும் மூன்று வாரத்துக்கான கட்டுச்சோறு அது. மனித முட்டைச் செல்லின் குறுக்களவோ ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், அதில் சேமித்துவைக்க இடமே இல்லை. மஞ்சட்கருவுக்கு அடிப்படையான விட்டெல்லோஜெனின் என்னும் புரதத்தை ஆக்கும் மரபணுக்கள் நம் மூதாதையரிடம் செயலிழந்துவிட்டன. 2008இல் டேவிட் பிராவாண்ட், வால்டர் வாலி, ஹென்ரிக் கெஸ்மன் மூவரும் அந்த மரபணுக்களின் உடைந்த மிச்சங்கள் மனித மரபுத் தொகுதியில் இன்னும் கிடப்பதைக் காட்டினார்கள். முட்டையிட்டுப் பாலூட்டும் பிளாட்டிபஸ் அவற்றில் ஒன்றை இன்றும் வேலை செய்யும் நிலையில் வைத்திருக்கிறது. பால் சுரந்து குட்டியை வளர்க்கும் வழக்கம் வந்தபின் மஞ்சட்கருவின் தேவை படிப்படியாகத் தேய்ந்தது. நஞ்சுக்கொடி வந்தபின் முற்றாகப் போனது. ஆகவே சேமிப்பு போய்விட்டது என்ற அளவில் பாடநூல் சொன்னது உண்மை. பிழை அடுத்த அடியில் இருக்கிறது. களஞ்சியம் காலியானதால் களஞ்சியத்தின் சுவருக்கும் வேலை இல்லை என்று முடிவு கட்டியது அந்தப் பிழை. கோழியிடத்திலும் குஞ்சை வாழவைப்பது மஞ்சட்கரு மட்டும் இல்லை. அதைச் சுற்றிப் படர்ந்து, செரித்து, கடத்தி, இரத்தப் புரதங்களையும் இரத்த அணுக்களையும் ஆக்கித் தரும் சவ்வுதான் அந்தச் சோற்றைக் குஞ்சுக்கு உடம்பாக மாற்றுகிறது. நம்மிடம் எஞ்சியது அந்தச் சவ்வு. பெரும்பாலான பைம்மாவினங்களில் அதே சவ்வு கருப்பைச் சுவரோடு ஒட்டி நஞ்சுக்கொடியாகவே வேலை செய்கிறது. உள்ளடக்கம் மாறியபோதும் பரிணாமம் இந்தச் சுவரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறது.

காலக் கணக்கைப் பற்றி ஒரு சொல். மருத்துவர் கூறும் வாரங்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து தொடங்குபவை. கருவியலாளர் கருவுற்ற நாளிலிருந்து எண்ணுவார். இரண்டுக்கும் சுமார் இரண்டு வார வேறுபாடு. கருவுற்ற கணக்கில் ஆறாம், ஏழாம் நாளில் கரு கருப்பையின் உட்சுவரில் பதியத் தொடங்குகிறது. அடுத்த சில நாட்களில் முதற் பை உருவாகிறது. பன்னிரண்டு, பதின்மூன்றாம் நாள்வாக்கில் அது சுருங்கி ஒதுங்க, நிலையான இரண்டாம் பை எழுகிறது. ஸ்கேனில் தெரிவது இந்த இரண்டாம் பை. இவ்வளவு நுணுக்கமாக அந்த நாட்களை அறிய முடிந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1938 முதல் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள், அமெரிக்காவின் பாஸ்டன் அருகே ஆர்தர் ஹெர்ட்டிக், ஜான் ராக் என்ற இரு மருத்துவர்கள், கருப்பையை அகற்றும் அறுவைக்கு வந்த 200க்கும் மேற்பட்ட பெண்களிடமிருந்து 34 ஆரம்பக் கருக்களைச் சேகரித்தார்கள். கருவுற்ற முதல் இரண்டு வாரங்களின் மனிதக் கருவைப் பற்றிப் பாடநூல்களில் உள்ள படங்களுக்குப் பெருமளவு அடிப்படை அந்தத் தொகுப்பே. இன்றைய ஒப்புதல் விதிகள் எவையும் இல்லாத காலம் அது. பிற்கால ஆய்வுகளுக்கும் கருக்கலைப்புக்குப் பின் திசுவை ஆய்வுக்கு அளிக்க இசைந்த பெண்களே ஆதாரம். கருவுணவுப் பை பற்றி நாம் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் பெயர் தெரியாத பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது. கட்டுரைகளின் நன்றியுரைப் பகுதியில் அடங்குவதில்லை.

இப்போது ஆதாரங்களுக்கு வருவோம். முதலும் வலுவானதும் இரத்தம். கருவுற்ற மூன்றாம் வாரத்தில் இந்தப் பையின் வெளிச்சுவரில் செல்கள் திட்டுத் திட்டாகத் திரள்கின்றன. இரத்தத் தீவுகள் என்று அவற்றுக்குப் பெயர். திட்டின் வெளியோரச் செல்கள் இரத்தக் குழாயின் சுவராகின்றன; நடுவில் உள்ளவை மனித உடலின் முதல் சிவப்பணுக்களாகின்றன. இதயம் துடிக்கத் தொடங்குவது ஏறத்தாழ இருபத்திரண்டாம் நாளில். ஆக, இறைக்கும் இயந்திரம் ஓடத் தொடங்குமுன்னே இறைக்க வேண்டிய சரக்கு தயாராகிவிட்டது. இந்த முதல் சிவப்பணுக்கள் உருவில் பெரியவை. நம்முடையவை போலன்றி உட்கருவோடு சுற்றுபவை. இவற்றின் ஹீமோகுளோபினும் வேறு. பெரியவர்களின் ஆல்ஃபா, பீட்டா சங்கிலிகளுக்குப் பதிலாக ஸீட்டா, எப்சிலான் என்னும் சங்கிலிகள் இதில் உள்ளன. லண்டனின் கோவர் தெருவின் பெயரால் கோவர் 1, கோவர் 2 என்றும், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரின் பெயரால் போர்ட்லண்ட் என்றும் இவை வழங்குகின்றன. ஆக்சிஜன் மிகக் குறைவாகக் கிடைக்கும் சூழலில் அதை இறுகப் பற்றிக்கொள்ளும் தன்மை இவற்றுக்கு உண்டு. அந்த வாரங்களில் கருவைச் சுற்றியுள்ள சூழல் அப்படிப்பட்டதுதான். அதைப் பின்னால் பார்ப்போம்.

இந்த இரத்தம் உண்மையில் உயிர் காக்கிறதா, அல்லது பழைய வழக்கத்தின் தொடர்ச்சியாகச் சும்மா உண்டாகிறதா என்று ஒருவர் கேட்கலாம். சோதித்துப் பார்க்க முடியாத கேள்வி போலத் தோன்றும் இதற்கு இயற்கையே ஒரு விடை வைத்திருக்கிறது. தென்கிழக்கு ஆசியாவில் பரவலாக உள்ள ஆல்ஃபா தலசீமியாவின் கடுமையான வடிவத்தில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஆல்ஃபா மரபணுக்கள் நீங்கிய குரோமோசோம்களே குழந்தைக்கு வந்து சேர்கின்றன. ஆல்ஃபா சங்கிலி ஒன்றுகூட இல்லாத சிசு அது. ஆனாலும் அத்தகைய சிசுக்கள் கர்ப்பத்தின் நடு மாதங்கள் வரையும், சில பேறுகாலத்தை நெருங்கியும் வாழ்கின்றன. பிறகே உடல் முழுதும் நீர் கோத்து இறக்கின்றன. அதுவரை தாக்குப்பிடிக்க முடிவது ஸீட்டா சங்கிலி கொண்ட ஹீமோகுளோபின்களால். இதே நோயில், பிலிப்பைன்ஸ் வகை, தாய்லாந்து வகை எனப்படும் நீக்கங்கள் ஆல்ஃபாவோடு ஸீட்டா மரபணுவையும் சேர்த்தே அழித்துவிடுகின்றன. இரு பக்கமும் அத்தகைய நீக்கம் வாய்த்த கரு, கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே இழக்கப்படுகிறது என்பது மரபியலாளரின் முடிவு. இது ஹீமோகுளோபினின் தேவையைத்தான் காட்டுகிறது, பையின் தேவையை அல்ல என்று மறுக்கலாம். ஆனால் அந்த முதல் வாரங்களில் ஸீட்டா சங்கிலியைச் சுமக்கும் சிவப்பணு பிறக்க, கருவுக்குள்ளோ வெளியிலோ இதற்கு ஈடான இன்னோர் இடம் கிடையாது.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று 1975இல் எழுந்தது. அதுவரை, வாழ்நாள் முழுதும் இரத்தம் தரும் மூலச்செல்கள் கருவுணவுப் பையிலிருந்து கிளம்பிக் கல்லீரலிலும் மஜ்ஜையிலும் குடியேறுகின்றன என்பது செல்வாக்கான கருத்து. பிரெஞ்சு ஆய்வாளர் பிரான்சுவாஸ் தியத்தெர்லென்-லியேவ்ர், காடைக் கருவைக் கோழியின் மஞ்சட்கருப் பை மீது ஒட்டவைத்து வளர்த்தார். காடைச் செல்லையும் கோழிச் செல்லையும் நுண்ணோக்கியில் பிரித்தறிய முடியும். வளர்ந்த பறவைக்குரிய நிலையான இரத்தம் காடையிலிருந்து, அதாவது கருவின் உடலுக்குள்ளிருந்தே வந்திருந்தது. மனிதக் கருவிலும் பெருந்தமனியின் அடிச்சுவரில் மூலச்செல்கள் கொத்துக் கொத்தாக எழுவதை 1996இல் மனுவேலா தாவியன், புருனோ பெயோ குழுவினர் கண்டார்கள். ஆக, பையின் இரத்தம் தற்காலிகமானது, நிலையான இரத்தத்துக்குத் தாய்வீடு பெருந்தமனி என்பது உறுதியானது. எச்சக் கோட்பாட்டுக்கு இது வலுச்சேர்ப்பதாகச் சிலர் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இது நேர்மாறாகப் படுகிறது. பெருந்தமனியே பையின் சிவப்பணுக்கள் சுமந்துவரும் ஆக்சிஜனில்தான் உருவாகிறது. அணை கட்டி முடியும் வரை ஆற்றைத் திருப்பிவிடும் தற்காலிகக் கால்வாய் இல்லாமல் எந்த அணையும் எழுவதில்லை. அணை நின்றபின் கால்வாய் தூர்ந்துபோவதால் அது தேவையற்றதாக இருந்தது என்று ஆகிவிடாது. தற்காலிகம் என்ற சொல்லும் முழு உண்மை இல்லை. மூளையின் காவற்செல்களான மைக்ரோகிளியா, கருவுணவுப் பையில் பிறந்த முன்னோடிச் செல்களின் வழித்தோன்றல்கள் என்பதை 2010இல் புளோரன் ஜின்ஹூ, மிரியம் மேராட் குழுவினர் எலியில் அடையாளமிட்டுக் காட்டினார்கள். மனிதக் கருவில் அப்படி அடையாளமிட முடியாது. ஆயினும் 2020க்குப் பிந்திய ஒற்றைச் செல் ஆய்வுகள், மனிதப் பையிலும் அதே வகை முன்னோடிகள் தோன்றி மூளை உள்ளிட்ட உறுப்புகளில் குடியேறும் தடத்தைக் காட்டுகின்றன. எட்டு வாரமே இருந்து மறையும் பையின் வாரிசுகள் முதுமை வரை மூளையில் இருக்கிறார்கள்.

உணவு பற்றிய வாதம் இவ்வளவு நேரானதன்று. எலியின் கருவுணவுப் பை உள்ளே வெளியாகப் புரண்டு கருப்பைச் சுவரை எதிர்நோக்கி நிற்கிறது. தாயிடமிருந்து அது உறிஞ்சுவதை யாரும் மறுக்கவில்லை. மனிதப் பையோ கருப்பைச் சுவரைத் தொடுவதே இல்லை. கருவுக்கும் வெளிச்சவ்வுக்கும் இடையே உள்ள நீர் நிறைந்த புறக்குழியில், ஒரு காம்பில் தொங்கும் பலூனாக அது மிதக்கிறது. தாயோடு தொடர்பில்லாத ஒன்று எதை வாங்கி யாருக்குக் கொடுக்கும்? இந்தக் கேள்வி நியாயமானது. இதற்கான விடை நஞ்சுக்கொடி ஆய்விலிருந்து வந்தது. முதல் மூன்று மாதங்களில் தாயின் இரத்தம் நஞ்சுக்கொடிக்குள் தாராளமாகப் பாய்வதில்லை. கருப்பைத் தமனிகளின் வாய்களை நஞ்சுக்கொடியின் செல்களே அடைப்பான் போல அடைத்துவைத்திருக்கின்றன. எரிக் ஜோனியோ, கிரஹாம் பர்ட்டன் குழுவினர் 2000இல் நேரடியாக அளந்தபோது, எட்டாம் வாரத்தில் நஞ்சுக்கொடியின் ஆக்சிஜன் அழுத்தம் 20 மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் கீழே இருந்தது. பன்னிரண்டாம் வாரத்தில் 50ஐத் தாண்டியது. அப்படியானால் அதுவரை கரு எதை உண்டது? கருப்பைச் சுரப்பிகளின் சுரப்பை. கொழுப்பும் சர்க்கரையும் புரதமும் கலந்த அந்தச் சுரப்பு நஞ்சுக்கொடியின் இடைவெளிகளில் நிறைந்து, அதன் விரல்கள் வழியாக வடிந்து, புறக்குழியின் நீரில் வந்து சேர்கிறது என்று 2002இல் அதே குழு எழுதியது. கருவுணவுப் பை மிதப்பது அந்த நீரில். தாயின் சுவரைத் தொடவில்லையே என்ற மறுப்பு, சோறு இருக்கும் இடம் சுவர் என்று எண்ணியதால் வந்தது. அந்த வாரங்களில் சோறு இருப்பது குழியில். பையின் இரத்தக் குழாய்கள் நேராகக் கருவின் உடலுக்குள் போகின்றன. தொப்புள்கொடிச் சுற்றோட்டம் வலுப்பெறும் வரை, குழியிலிருந்து கருவுக்குச் செல்லும் நெருங்கிய வழி அதுவே.

வழி இருக்கிறது என்பதால் போக்குவரத்து நடக்கிறது என்று ஆகாது. 2017இல் தெரேசா சிந்திரோவா-டேவிஸும் பர்ட்டன், ஜோனியோ ஆகியோரும் மனிதர், எலி, கோழி மூன்றின் கருவுணவுப் பைகளிலும் எந்தெந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று ஒப்பிட்டார்கள். கொழுப்பையும் கொலஸ்டிராலையும் கடத்தும் புரதங்கள், அமினோ அமிலங்களையும் பிற சத்துகளையும் சவ்வு தாண்டவைக்கும் கடத்திகள் ஆகியவற்றுக்கான மரபணுக்கள் மனிதப் பையில் மும்முரமாக இயங்கின. கோழியும் மனிதரும் பொது மூதாதையரிடமிருந்து பிரிந்து 30 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. இத்தனை காலத்துக்குப் பிறகும் இந்த ஒற்றுமை நீடிக்கிறதென்றால், பயன்படாத ஒன்றில் அது நீடிக்க வழியில்லை. 2023இல் வெளியான மற்றொரு பெரிய ஆய்வு, கருவுற்ற மூன்றாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை மனிதப் பையைச் செல் செல்லாக வரைபடமிட்டது. உணவு மாற்றம், இரத்தம் உறைதல், குழாய் வளர்ச்சி, இரத்த உற்பத்தியை நெறிப்படுத்தல் ஆகிய பல உறுப்புகளின் வேலைகள் இங்கே தொடங்கிப் பின்னர் கருவின் சொந்த உறுப்புகளிடம் கைமாறுகின்றன என்று அது முடிவுகட்டியது. மரபணு இயங்குவது வேறு, வேலை நடப்பது வேறு என்ற எச்சரிக்கை இங்கே அவசியம். ஆனால் புரதம் உண்டாவதற்குப் பழைய சான்றே உண்டு: ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன், டிரான்ஸ்ஃபெரின் போன்றவற்றை மனிதப் பை தானே ஆக்குவதை டேவிட் கிட்லின் 1960களிலும் 70களிலும் நிறுவினார். சில குழந்தைகளிடமும் இளம்வயதினரிடமும் விரையிலோ சினைப்பையிலோ தோன்றும் ஒரு புற்றுக்கட்டி, இந்தப் பையின் திசுவையே ஒத்திருப்பதை டென்மார்க்கின் நோயியலாளர் குன்னர் தைலும் அடையாளம் கண்டார். அந்தக் கட்டியும் அதே ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீனை இரத்தத்தில் கொட்டுகிறது. மருத்துவர்கள் இன்றும் சிகிச்சையின் பலனை அந்த அளவைக் கொண்டே கணிக்கிறார்கள்.

பையைச் செயலிழக்கச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு விலங்குச் சான்று மட்டுமே உண்டு. 1948இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் கில்மன் குழுவினர், சினையாக இருந்த எலிகளுக்கு டிரைபான் நீலம் என்னும் சாயத்தைச் செலுத்தியபோது குட்டிகள் கடும் ஊனத்தோடு உருவாயின. வியப்பு என்னவென்றால், ஊனமுற்ற கருவில் சாயம் இல்லை. அது கருவுணவுப் பையின் செல்களில் தங்கிவிட்டிருந்தது. அந்தச் செல்கள் விழுங்கிய புரதத்தைச் செரிக்க முடியாமல் போனதே காரணம் என்று 1967இல் பெக், லாய்ட், கிரிஃபித்ஸ் விளக்கினார்கள். கருவை நேராகத் தாக்காமல் பையைப் பட்டினி போட்டே கருவைச் சிதைக்க முடியும் என்பது இதனால் தெளிந்தது. தாயின் கட்டுப்படாத சர்க்கரை நோய் எலிப் பையின் செல்களைச் சிதைப்பதையும் பிற்கால ஆய்வுகள் கண்டன. இவற்றை அப்படியே மனிதருக்குப் பொருத்துவது சரியன்று. எலிப் பையின் அமைப்பு வேறு, அது வேலை செய்யும் காலமும் வேறு. நான் இவற்றை மனிதருக்கான நிரூபணமாக வைக்கவில்லை. இரத்தச் சான்று மனிதரிடமிருந்தே வந்தது. உணவுச் சான்று அந்த அளவுக்கு உறுதிப்பட இன்னும் தூரம் இருக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எழுதும் பழக்கம் இத்துறைக் கட்டுரைகளில் பெருகிவருவது நல்லதல்ல.

கருவின் உடலுக்குள்ளேயே இந்தப் பை ஓரளவு கலந்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கருவுற்ற நான்காம் வாரத்தில் தட்டையான கரு மடியும்போது பையின் கூரைப் பகுதி உள்ளே இழுக்கப்பட்டுக் குடலாகிறது. பையையும் கருவையும் இணைத்த தமனிகளில் ஒன்றே பெரியவர்களின் குடலுக்கு இரத்தம் தரும் மேல் குடல்தாங்கித் தமனி. அதன் சிரைகளிலிருந்து வந்தது கல்லீரலுக்குச் செல்லும் போர்ட்டல் சிரை. பைக்கும் குடலுக்கும் இடையிலிருந்த குழாய் முழுதும் மறையாமல், சுமார் நூற்றுக்கு இருவரிடம் சிறுகுடலில் ஒரு சிறு துருத்தலாகத் தங்கிவிடுகிறது. 1809இல் அதை விளக்கிய ஜெர்மன் உடற்கூறியலாளர் மெக்கலின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. பின்னாளில் முட்டையாகவும் விந்தாகவும் ஆகப்போகும் இனச்செல்களும் நான்காம் வாரத்தில் பையின் சுவரில் காணப்படுகின்றன. அங்கிருந்து குடலின் ஓரமாக நகர்ந்து பாலுறுப்பு உருவாகும் இடத்தை அடைகின்றன. அவை பிறக்கும் இடம் பைதானா, அல்லது வேறெங்கோ பிறந்து இங்கே வழித்தங்கலாக இருக்கின்றனவா என்பதில் குரங்குக் கருக்களை ஆய்ந்தவர்கள் ஐயம் எழுப்பியிருக்கிறார்கள். ஆகவே பிறப்பிடம் என்ற பெருமையை நான் பைக்குக் கொடுக்கவில்லை. அவை உருவாகிவரும் கருவிலிருந்து சற்று விலகித் தங்கும் இடம் அது என்பதே போதும்.

இவ்வளவு முக்கியமான உறுப்பு என்றால், ஸ்கேனில் அதன் அளவையும் வடிவையும் பார்த்தே கர்ப்பத்தின் கதியைச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் நிதானம் வேண்டும். 6 மில்லிமீட்டரைத் தாண்டிப் பெருத்த பையும், சுருங்கி ஒடுங்கிய பையும், கருச்சிதைவில் முடியும் கர்ப்பங்களில் அதிகம் காணப்படுவது உண்மை. ஆனால் தொடக்கக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதி குரோமோசோம் கோளாறால் நேர்பவை. அவற்றில் கரு முதலில் தடுமாறி, அதன் விளைவாகப் பை மாறுகிறதா, பை தளர்ந்ததால் கரு தடுமாறுகிறதா என்பதை ஒரு படத்தைப் பார்த்துப் பிரிக்க இயலாது. இரண்டும் ஒரே கருமுட்டையிலிருந்து வந்தவை, ஒரே குரோமோசோம் கோளாற்றைச் சுமப்பவை. 2012இல் அமெரிக்காவின் அல்ட்ராசவுண்ட் கதிரியலாளர் சங்கம் கூட்டிய வல்லுநர் குழு, 7 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பையை ஐயத்துக்குரிய அறிகுறி என்றே வகைப்படுத்தியது; கர்ப்பம் நிற்காது என்று முடிவுகட்டப் போதாது என்று தெளிவாகச் சொன்னது. அதே விதிகளில் ஒரு நுட்பம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நீர்ப்பை மட்டும் தெரிந்து கருவுணவுப் பை தெரியாத ஸ்கேனுக்குப் பின், துடிப்புள்ள கரு வராவிட்டால் கர்ப்பம் தோல்வி என்று உறுதிசெய்யக் குறைந்தது 14 நாள் காத்திருக்க வேண்டும். கருவுணவுப் பையும் தெரிந்திருந்தால் 11 நாள் போதும். அந்தச் சிறு வளையம் கர்ப்பத்தின் கடிகாரத்தில் மூன்று நாளைக் குறிக்கிறது. கருக்குழாயில் கரு தங்கிவிட்டதோ என்று அஞ்சும் வேளையில் கருப்பைக்குள் இந்த வளையம் தெரிந்துவிட்டால், அது வெறும் நீர்த்தேக்கம் அல்ல, உண்மையான கர்ப்பம் என்று நம்பி மூச்சுவிடலாம். ஆறாம் வாரத்தில் 'பை மட்டும்தான் தெரியுது' என்று கேட்டுவிட்டு வீடு திரும்பும் பெண்ணுக்கு அந்த 'மட்டும்' ஓர் அடி. அவளிடம் சொல்ல உண்மையான செய்தி ஒன்று இருக்கிறது: தெரிய வேண்டியது தெரிகிறது, அடுத்தது தெரிய நாள் வேண்டும். அதற்கு மேல் உறுதிமொழி தர யாராலும் முடியாது. அதைக்கூடச் சொல்லாமல் அனுப்புவது அவளுக்குச் செய்யும் அநீதி.

பையின் கடைசி நாட்கள் அமைதியானவை. கருவுற்ற ஆறாம் வாரத்திலிருந்து கல்லீரல் சிவப்பணு ஆக்கும் பொறுப்பைப் படிப்படியாக ஏற்றுக்கொள்கிறது. புரதங்களையும் அதுவே ஆக்கத் தொடங்குகிறது. மூன்றாம் மாத இறுதியில் தமனிகளை அடைத்திருந்த செல் அடைப்புகள் கரைந்து, தாயின் இரத்தம் நஞ்சுக்கொடியில் பெருகிப் பாய்கிறது. நீர் நிறைந்த பனிக்குடம் விரிந்து வெளிச்சவ்வை நெருக்க, நடுவிலிருந்த புறக்குழி ஒடுங்கிக் காணாமற்போகிறது. பை அந்த இரண்டு சவ்வுகளுக்கு இடையே அகப்பட்டுச் சப்பையாகிறது. பிரசவம் முடிந்து குழந்தையை எடுத்துச் சென்றபின் தட்டில் கிடக்கும் நஞ்சுக்கொடியை நோயியலாளர் பொறுமையாகப் புரட்டினால், சவ்வுகளுக்கு நடுவே, தொப்புள்கொடியிலிருந்து சற்றுத் தள்ளி, சில மில்லிமீட்டர் அகலத்தில் சுண்ணாம்பு படிந்த ஒரு சிறு தட்டைச் சில வேளைகளில் காண்பார். வெளிறிய மஞ்சள் நிறத்தில் இருக்கும்.